திராட்சை மிதித்த கால்கள்

கனடாவில் புது வகுப்பு செப்டெம்பரில்தான் தொடங்கும் என்று அப்பா சொன்னபோது, இந்த நாட்டுக்காரருக்குக் கலண்டர் பார்க்கத் தெரியாது என்றே நான் நினைத்தேன். நாங்கள் விட்டுவந்த யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் வருடமும் வகுப்பும் ஒன்றாக ஜனவரியில் பிறக்கும். இங்கேயோ வெயில் சோர்ந்து, மரங்கள் களைத்து, எல்லாம் மூட்டைகட்டப் புறப்படுகிற நேரத்தில் புதுக் கொப்பி, புதுப் பென்சில், புது வகுப்பு. ஆனால் அந்த முதல் செப்டெம்பரிலேயே இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினொரு வயது. ரொறன்ரோவின் மேற்குப் பக்கத்தில் ஒரு ஒடுக்கமான செங்கல் வீட்டின் மேல்மாடியில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா ஆகிய நால்வரும் குடியிருந்தோம். சித்தப்பா பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய படிப்பு பெரும்பாலும் எங்கள் சோபாவில் மல்லாந்து கிடந்தபடி, நெஞ்சில் புத்தகத்தைக் கவிழ்த்துவைத்து நடைபெற்றது.

கீழ்வீட்டில் வீட்டுக்காரரும் மனைவியும். இத்தாலியிலிருந்து வந்தவர்கள். நான் அவர்களைக் கீழ்வீட்டு அங்கிள், கீழ்வீட்டு அன்ரி என்பேன். அங்கிள் நகரத்தின் நடைபாதைகளுக்குக் கொங்கிறீட் போடுகிற வேலை செய்தார். பிள்ளைகள் கல்யாணம் முடித்துத் தூரமாகப் போய்விட்டதால், பள்ளிக்கூடம் விட்டு வருகிற என்னை அன்ரி வாசலிலேயே மறித்துக் கையில் எதையாவது திணித்துத்தான் மேலே விடுவார். அம்மாவுக்கு ஆங்கிலம் நன்றாக வாசிக்க வரும், பேசக் கூச்சம். அன்ரிக்கு அந்த மொழி வாசிக்கவும் வராது, பேசவும் வராது. அதனாலோ என்னவோ இருவருக்கும் நன்றாக ஒத்துப்போயிற்று. அன்ரி பின்வளவுத் தக்காளியைக் கூடையோடு மாடிப்படியில் வைப்பார். அம்மா அதே கூடையில் வறுத்த மிளகாய்த்தூளைக் கடதாசிச் சரையாகக் கட்டித் திருப்பி வைப்பார். அந்தத் தூளை முதல்தரம் சாப்பிட்ட அன்று அங்கிளின் காது சிவந்துபோனதாகவும், பிறகு அது இல்லாமல் அவர் சாப்பாட்டு மேசைக்கு வருவதில்லை என்றும் கேள்வி.

அந்த வருடம் நான் ஆறாம் வகுப்பு. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை ஒரே நேர்த் தெரு. காலையில் வாயைத் திறந்தால் புகை வரும். பின்னேரம், காலையில் போட்ட கம்பளிச் சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு வரலாம். வீடுகளின் பின்வளவுகளில் பெண்கள் பெரிய பீப்பாய்களில் தக்காளி அவிப்பார்கள், சிவப்பு மிளகாய்களைத் தணலில் வாட்டுவார்கள். அந்த மணத்துக்குள் நடந்து போய் வகுப்பில் உட்கார்ந்தால் கணக்குக்கூட லேசாக வந்தது. தெரு முடக்கில் ஒரு பெரிய மரம். அதிலிருந்து முள்ளு ஓட்டோடு விழுகிற கொட்டைகளை உடைத்தால், உள்ளே அப்போதுதான் எண்ணெய் பூசியதுபோல மண்ணிறத்தில் ஒன்று பளபளக்கும். சாப்பிட முடியாது, விற்கவும் முடியாது, எதற்கும் உதவாது. அதனால்தானோ என்னவோ அவற்றின் மேல் எனக்கு அத்தனை ஆசை. சட்டைப்பை கிழியும்வரை பொறுக்கினேன்.

நாங்கள் வந்திறங்கியது பனிக்காலத்தில். ஆகவே இலை நிறம் மாறுவதை நான் பார்த்ததில்லை. ஒருநாள் காலை எதிர்வீட்டு மரத்தின் ஒரு கிளை மட்டும் குங்குமமாகச் சிவந்து நின்றது. சித்தப்பாவை எழுப்பிக் கேட்டேன். நகரசபை ஆட்கள் விடியமுதல் ஏணியோடு வந்து பெயின்ற் அடிக்கிறார்கள் என்றும், ஒரே நாளில் முடியாது, கிளை கிளையாகத்தான் செய்வார்கள் என்றும் சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார். நான் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் மறுநாள் தெருவில் போகும்போது ஒரு இலையை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன்.

திராட்சை வந்தது ஒரு சனிக்கிழமை. அப்பாவும் அம்மாவும் நகரத்தின் கிழக்குக் கரையில் இருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பார்க்கப் புறப்பட்டுப் போயிருந்தார்கள். அந்தக் காலத்தில் ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் குரலைக் கேட்பதென்றால் பஸ் மாறி மாறிப் போய் வர ஒரு பகல் முழுவதும் வேண்டும். நான் வீட்டுப்பாடம் செய்வதென்றும், சித்தப்பா என்னைப் பார்த்துக்கொள்வதென்றும் ஏற்பாடு. அம்மா படி இறங்கிய சற்று நேரத்தில் வாசலில் ஒரு லொறி வந்து நின்றது. அதிலிருந்து மரப்பெட்டி மரப்பெட்டியாகக் கறுத்த திராட்சை இறங்கியது. அத்தனை திராட்சையை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. தெருவிலிருந்த குளவியெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. சித்தப்பா புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கீழே இறங்க, நான் பின்னால் ஓடினேன்.

பின்பக்கக் கொட்டிலில் அங்கிள் பெட்டிகளை அடுக்கி, மேலே திராட்சையைக் கொட்டிக் கைபிடியைச் சுற்றினால் கீழே நசித்துத் தள்ளுகிற ஒரு இரும்பு இயந்திரத்தைப் பெரிய மரத்தொட்டி ஒன்றின் மேல் பூட்டினார். இரண்டு பெட்டி முடிவதற்குள் கைபிடி முறிந்து அவர் கையோடு வந்தது. அங்கிள் இயந்திரத்தைப் பார்த்துத் தன் மொழியில் நீளமாகப் பேசினார். அன்ரி சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். மலைபோல் திராட்சை, வெயிலிலே நின்றால் அழுகிவிடும். அங்கிளின் பார்வை கொட்டிலைச் சுற்றிவந்து என் காலில் நின்றது.

“என்னவாம்?” என்று சித்தப்பாவைக் கேட்டேன்.

“உன்ரை கால் வேணுமாம். மிதிச்சு ஜூஸ் எடுக்க.”

“ஜூஸோ?”

“ஓம். இப்ப ஜூஸ்தான்,” என்றார் சித்தப்பா. அந்த ‘இப்ப’வை நான் கவனிக்கவில்லை.

சித்தப்பாவும் சப்பாத்தைக் கழற்றினார். அங்கிள் குனிந்து அவருடைய கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இல்லையென்று தலையை ஆட்டி, சப்பாத்தைத் திருப்பிக் கையில் கொடுத்தார். இரசாயனம் படிக்கிறவர் பெட்டி தூக்குகிற வேலைக்கு இறக்கப்பட்டார்.

எனக்கோ மணப்பெண் மரியாதை. அன்ரி என்னைக் கதிரையில் இருத்தி, சுடுதண்ணீரும் சவர்க்காரமும் கொண்டுவந்து, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி, பாவாடையைச் சுருட்டி ஊசி குத்தி, அப்படியே தூக்கித் தொட்டிக்குள் இறக்கிவிட்டார். முதலில் குளிர். கணுக்கால்வரை ஐஸ் வைத்ததுபோல. பிறகு காலுக்குக் கீழே திராட்சைகள் டப் டப்பென்று வெடித்து, விரல்களுக்கு நடுவால் வழுகிக்கொண்டு மேலே வந்தன. கூச்சம் தாங்காமல் நான் கத்தினேன். அன்ரி கைதட்டி ஒரு பாட்டை எடுத்தார். அதில் எந்தச் சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் எந்த இடத்தில் காலை ஓங்கிப் போடவேண்டும் என்பது விளங்கியது. வழுக்கி விழப்போனால் பிடித்துக்கொள்ள அங்கிள் தன் கொங்கிறீட் கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நின்றார். ஒரு பெட்டி முடிய மற்றப் பெட்டி. கொட்டில் வாசலால் வந்த வெயில் தொட்டிக்குள் விழுந்து, என் முழங்கால்வரை ஊதா ஒளி அடித்தது. ஊரில் மாவிடிக்க, நெல்லுக் குத்த ஆட்கள் இருந்தார்கள். ஒருவரும் என்னிடம் எந்த வேலையும் கேட்டதில்லை. இங்கே நான் இல்லாவிட்டால் நடக்காது என்ற ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது.

இடையில் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து ஒரு கிளாஸ் எனக்குக் குடிக்கத் தந்தார்கள். அவ்வளவு இனிப்பான ஒன்றை அதற்குப் பிறகும் நான் குடித்ததில்லை.

பின்னேரம் அன்ரி என் காலைக் கழுவியபோது தண்ணீர் ஊதாவாகப் போனது. காலும் ஊதாவாகவே இருந்தது. சித்தப்பா மேலே கூட்டிப்போய் எலுமிச்சம்பழம் தேய்த்தார். கால் இன்னும் கொஞ்சம் பிரகாசமாகியது. கடைசியில் முழங்கால்வரை காலை மூடுகிற தன்னுடைய நீளமான மேசு ஒரு சோடியைத் தந்து, “ரெண்டு நாளையிலை போயிடும். அதுவரைக்கும் கழட்டாதை. கொம்மாவுக்குச் சொல்லாதை,” என்றார். அன்று மாலை வீடு திரும்பிய அம்மா, வீட்டுக்குள்ளேயே மேசு போட்டுக்கொண்டு திரிந்த என்னைப் பார்த்து, “பாருங்கோ, பிள்ளை இந்த நாட்டுக் குளிருக்குப் பழகீட்டாள்,” என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னார்.

இரண்டு நாளில் போகவில்லை. செவ்வாய்க்கிழமை உடற்பயிற்சி வகுப்பில் மெத்தையில் உருள்வதற்காக எல்லோரையும் சப்பாத்து, மேசு கழற்றச் சொன்னார்கள். நான் கழற்றினேன். வகுப்பு நின்றுவிட்டது. ஆசிரியை என்னைக் கையில் பிடித்து, கண்ணாடிப் பாத்திரத்தைக் கொண்டுபோவதுபோல, தாதியின் அறைக்கு அழைத்துப்போனார். தாதி ஒவ்வொரு விரலாக அழுத்தி நோகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். விறைக்கிறதா? இல்லை. யாராவது அடித்தார்களா? இல்லை. உண்மையைச் சொன்னால் சித்தப்பா மாட்டிக்கொள்வார் என்பதால் கேட்டதற்கெல்லாம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களுக்குப் பயம் கூடிப்போய் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார்கள்.

அம்மா ஓடிவந்தார். மேல்கோட்டுக்குக் கீழே சேலைக்கரை காற்றில் அடிக்க, மேசு இல்லாத காலில் வீட்டுச் செருப்போடு. அந்தக் கோலத்தில் அம்மாவை நான் தெருவில் பார்த்ததே இல்லை. அறைக்குள் வந்ததும் தாதி சொன்ன எதையும் கேளாமல் தரையில் உட்கார்ந்து, என் காலைத் தன் மடியில் தூக்கிவைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து முகர்ந்தார். அம்மாவின் முகத்திலிருந்த பயம் போய்விட்டது. அந்த இடத்துக்கு வந்தது கோபமும் இல்லை.

“நோய் ஒன்றும் இல்லை. இது திராட்சை,” என்று அவர் தாதியிடம் ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இல்லாமல் சொன்னார்.

வழி முழுவதும் என் மணிக்கட்டைப் பிடித்தபடி நடந்தார். காற்று பலமாக வீசி இலைகளை எங்களுக்கு முன்னால் உருட்டிக்கொண்டு போனது. முடக்கு மரத்தடியில் புதுக் கொட்டைகள் விழுந்துகிடந்தன. நிற்கலாமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“ஆர் மிதிக்கச் சொன்னது?”

“சித்தப்பா. ஜூஸ் எண்டு சொன்னவர்.”

“நீ குடிச்சனியோ?”

“ஒரு கிளாஸ். நல்ல இனிப்பு.”

அம்மா ஒரு கணம் நின்றார். “இனிப்பாத்தான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டுத் திரும்ப நடந்தார்.

வீட்டில் எனக்கு அடி விழவில்லை. குளியலறைத் தொட்டியின் விளிம்பில் இருத்தி, என் கால் சிவக்கும்வரை தேய்த்தார். நிறம் போகவில்லை, அம்மாவும் விடவில்லை. அடி விழுந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. மாலையில் சித்தப்பா வந்தபோது அம்மா அவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“தம்பி, உமக்கு எல்லாம் விளையாட்டு. என்ரை பிள்ளையின்ரை காலிலை சாராயத்தைப் பூசி விட்டிருக்கிறீர்.”

“அண்ணி, அது இன்னும் சாராயமாகேல்லை. நொதிக்க வேணும்,” என்றார் சித்தப்பா. அந்த விஞ்ஞான விளக்கம் அவருக்கு உதவவில்லை. அதன் பிறகு ஒரு வாரம் அவருடைய சாப்பாட்டுக் கோப்பை மேசையில் சத்தத்தோடு வைக்கப்பட்டது.

அம்மா என்னைக் கீழ்வீட்டுக்குப் போகக்கூடாது என்றார். தானும் போவதை நிறுத்தினார். அன்ரி படியில் வைத்த கூடை அப்படியே இருந்தது. அதிலிருந்த பேரிக்காய்களைச் சித்தப்பா பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழியில் ஒன்று ஒன்றாக எடுத்துத் தின்று கூடையைக் காலியாக்கினார். காலிக் கூடையைக் கண்ட அன்ரி திரும்பவும் நிரப்பினார். வாசலில் என்னைக் கண்டால் கையை விரித்து, மேலே காட்டி, முகத்தைக் கேள்வியாக்குவார். நான் தலையைக் குனிந்துகொண்டு படியேறுவேன். என்ன பிழை செய்தோம் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

ஒருநாள் பின்னேரம் சமையலறையில் அப்பா கேட்டது என் காதில் விழுந்தது.

“அப்பிடியெண்டால் வேறை வீடு பாப்பமோ?”

“பாருங்கோ,” என்றார் அம்மா.

வேறு வீடென்றால் வேறு தெரு, வேறு பள்ளிக்கூடம். இந்த மரங்களின் பெயின்ற் வேலை பாதியில்தான் நிற்கிறது. ஆனாலும் அந்த ஒக்ரோபரைச் சோகமான மாதம் என்று என்னால் சொல்லமுடியாது. தெரு முழுவதும் மஞ்சளும் சிவப்புமாகப் பற்றி எரிந்தபோது எந்தப் பதினொரு வயதும் நெடுநேரம் முகத்தைத் தூக்கிவைத்திருக்க முடியாது. வீட்டில் மதிப்பிழந்த சித்தப்பாவுக்கு என்னோடு செலவழிக்க நிறைய நேரம் கிடைத்தது. இருவரும் முன்வளவு இலைகளை என் உயரத்துக்குக் கூட்டிக் குவித்து, படிக்கட்டிலிருந்து ஓடிவந்து பாய்ந்தோம். இலைக்குள் கண்ணை மூடிக் கிடந்தால் ஈர மண்ணும் பழைய புத்தகமும் கலந்த ஒரு மணம் வரும். வகுப்பில் நானெழுதிய கட்டுரையில் நகரசபையின் பெயின்ற் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். ஆசிரியை அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு, உனக்கு நல்ல கற்பனை என்று எழுதியிருந்தார்.

நவம்பரில் மரங்கள் வெறுமையாயின. அங்கிள் பின்வளவில் நின்ற அத்திமரத்தை வளைத்து, கயிற்றால் கட்டி, குழிக்குள் படுக்கவைத்து, குளிருக்கு மண்ணால் மூடியதை நான் மேல்மாடி யன்னலால் பார்த்தேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாங்கள் சாப்பிட்டு முடித்த நேரத்தில், மாடிப்படியில் கனத்த காலடிச் சத்தம் கேட்டது.

அங்கிள் கோட்டுப் போட்டு, கழுத்தில் ரை கட்டியிருந்தார். கையில், துணியால் துடைத்த ஒரு போத்தல். அதை மேசையில் வைத்து, தன்னுடைய துண்டு துண்டான ஆங்கிலத்தில் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: “உங்கள் மகள். நல்ல கால். நல்ல வைன். முதல் போத்தல் உங்களுக்கு.”

அப்பா கதிரையை இழுத்தார். பிறகு எதற்கு இழுத்தோம் என்று மறந்துபோனவர்போல நின்றார். சித்தப்பா சுவரிலிருந்த கலண்டரை வாசித்தார். அம்மா போத்தலையும் அந்த மனிதரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சமையலறைக்குள் போய் ஒரு கிளாஸ் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

“நீங்கள் குடியுங்கள்,” என்றார் ஆங்கிலத்தில்.

அங்கிள் உட்கார்ந்தார். மூடியைத் திறந்து ஒரு கிளாஸ் நிறைய ஊற்றினார். யன்னல் வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார்; என் காலின் நிறமேதான். மெதுவாகக் குடித்தார். குடித்தபடியே அன்ரியின் முழங்கால் வருத்தத்தைப் பற்றியும், அத்திமரம் குளிர்காலம் தாண்டுமா என்பதைப் பற்றியும் பேசினார். அம்மா சமையலறை நிலையில் சாய்ந்து நின்றபடி அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளாஸ் காலியானதும் முன்னால் வந்து, போத்தலைத் தானே தூக்கி இன்னொரு கிளாஸ் ஊற்றப்போனார். அப்பா திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தார். அங்கிள் தன் அகன்ற உள்ளங்கையால் கிளாஸின் வாயை மூடினார்.

“இல்லை, இல்லை. சாப்பாடு, ஒரு கிளாஸ். போதும்,” என்று சிரித்தார். மூடியைப் போட்டு இறுக்கி, ரையைச் சரிசெய்து, எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு நேராகப் படியிறங்கிப் போனார். கீழே கதவு திறந்ததும் அவர் மனைவியைக் கூப்பிட்டதும் கேட்டது. அம்மா அதுவரைக்கும் காதுகொடுத்துக்கொண்டு நின்றார்.

“என்ன பாக்கிறீர்?” என்றார் அப்பா.

“ஒரு கிளாஸோடை எழும்பீட்டார்.”

“ஓம், அதுக்கென்ன?”

“ஒண்டுமில்லை. ஒண்டோடை எழும்பீட்டார்.”

அப்பா ஏதோ நினைவுக்கு வந்தவர்போலக் கிட்டப் போய், அம்மாவின் கையிலிருந்த போத்தலை மெதுவாக வாங்கினார்.

அம்மா அன்று காலையில் சுட்ட வடைகளை ஒரு தட்டில் அடுக்கி, தானே கீழே கொண்டுபோனார். அன்ரியின் குரல் மாடிவரை கேட்டது. அது அழுகையா சிரிப்பா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா திரும்பிவர வெகுநேரமாயிற்று. வரும்போது அடுத்த ஞாயிறும் வரும்படி அங்கிளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். வேறு வீடு பார்க்கிற கதை அதோடு நின்றுபோனது. போத்தல் எங்கள் சமையலறை மேல்தட்டில், தேங்காய் எண்ணெய்க்குப் பக்கத்தில் ஏறியது. சித்தப்பா அதை அண்ணாந்து பார்ப்பதோடு சரி. ஒவ்வொரு ஞாயிறும் அங்கிள் வருவார், போத்தல் முடிந்தால் இன்னொன்றோடு. அம்மா கிளாஸை வைப்பார். அவர் ஒன்று குடித்து, கையால் மூடி, எழும்பிப் போவார். அம்மா ஒவ்வொரு தடவையும் நிலையில் சாய்ந்து நின்று பார்ப்பார், ஏதோ வித்தை பார்ப்பதுபோல.

அம்மாவின் தகப்பனைப் பற்றி அந்த வயதில் எனக்குத் தெரிந்தது, நான் பிறக்கமுன் அவர் காலமாகிவிட்டார் என்பது மட்டும்தான். அவர் ஒன்றோடு எழும்பத் தெரியாத மனிதர் என்பதும், கள்ளுத் தவறணை வாசலில் போய் நின்று அவரைக் கூட்டிவருகிற வேலை மூத்த பிள்ளையான அம்மாவுக்கு விழுந்திருந்தது என்பதும் எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரியவந்தன.

அன்றைக்கு எனக்கு இருந்த கவலை வேறு. எத்தனை ஞாயிறு வந்தாலும், அம்மா எவ்வளவு உபசரித்தாலும், அந்த நல்ல மனிதர் ஒரு கிளாஸுக்கு மேல் தொடவில்லை. வைன் அவருக்குப் பிடிக்கவில்லை, வெளியில் சொல்லத்தான் மனம் வரவில்லை என்று நான் முடிவுசெய்தேன். அடுத்த வருடம் தொட்டிக்குள் இறங்கமுன் காலை இன்னும் நன்றாகக் கழுவவேண்டும்.